சோதனைச் சூழலும் சொந்த ஊரும்

மென்பொருள்: ஆக்கமும் பொறுப்பும் – 17

ஒரு மென்பொருள் மக்கள் கைக்குப் போவதற்கு முன் அதைச் சோதித்துப் பார்ப்பதற்கென்று தனியே அமைக்கப்படும் கணினிகள், அவற்றில் நிறுவப்படும் இயங்குதளம், தரவுத்தளம், வலையிணைப்பு, மாதிரித் தரவு, அந்த மென்பொருள் தொடர்புகொள்ள வேண்டிய பிற சேவைகள், பயனர்களுக்கான அனுமதிகள் ஆகிய எல்லாம் சேர்ந்ததே சோதனைச் சூழல். எதைச் சோதிப்பது, எந்த வரிசையில் சோதிப்பது என்பவை சென்ற இதழ்களில் பேசப்பட்டன. எங்கே வைத்துச் சோதிப்பது என்பது இந்த இதழுக்குரிய பொருள்.

சோதனையின் முடிவு எதுவாயினும் அது நிகழ்ந்த சூழலுக்குக் கட்டுப்பட்டது. 'பிழை இல்லை' என்று ஒரு சோதனையாளர் எழுதிக் கொடுக்கும் அறிக்கையின் முழுப் பொருள், 'இந்தக் கணினியில், இந்தத் தரவைக் கொண்டு, இத்தனை பேர் பயன்படுத்தியபோது பிழை தென்படவில்லை' என்பதுதான். அந்தக் கணினியும் தரவும் கூட்டமும் மென்பொருள் வாழப்போகும் இடத்தைப் போல் இல்லையென்றால், எவ்வளவு உழைப்பைக் கொட்டிச் சோதித்தாலும் அந்த அறிக்கை வேறோர் உலகத்தைப் பற்றியதாகவே இருக்கும். நிரல் எழுதியவர் 'என் மெஷினில் ஓடுகிறதே' என்று சொல்வதும் சோதித்தவர் 'இங்கே ஓடவில்லையே' என்று பதில் சொல்வதும் மென்பொருள் நிறுவனங்களில் அன்றாடம் கேட்கும் உரையாடல். பெரும்பாலும் இருவர் சொல்வதும் உண்மையாக இருப்பதற்குக் காரணம், இருவரும் வெவ்வேறு சூழல்களில் நிற்பதுதான்.

பழைய பாதையில் தேறிய நிரல்

சூழல் மாறினால் சரியான நிரலும் தவறாகிவிடும் என்பதற்கு, மென்பொருள் வரலாற்றில் மிக விரிவாக ஆராயப்பட்ட சான்று ஏரியான் 5 ஏவூர்தியின் முதல் பயணம். 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவில் உள்ள கூரூ ஏவுதளத்திலிருந்து கிளம்பிய அந்த ஏவூர்தி, முதன்மை எஞ்சின் பற்றவைக்கப்பட்ட 40 விநாடிகளுக்குள் திசை பிறழ்ந்து சிதறியது. ஏவூர்தியின் நிலையையும் வேகத்தையும் கணித்துச் சொல்லும் கருவியில் இயங்கிய மென்பொருள், முந்தைய தலைமுறையான ஏரியான் 4-இல் பல பயணங்களில் குறையின்றி உழைத்தது என்ற நம்பிக்கையில் அப்படியே எடுத்து வைக்கப்பட்டிருந்தது. ஏரியான் 5 தன் முன்னோடியைவிடக் கிடைமட்டத்தில் மிக விரைவாக வேகம் பிடிக்கும் ஏவூர்தி என்பதால், அந்த வேகத்தோடு தொடர்புடைய 64 பிட் எண் ஒன்றை 16 பிட் இடத்துக்குள் அடைக்க முயன்றபோது எண் கொள்ளாமல் போய், கருவி நின்றுவிட்டது. மாற்றுக்கென வைக்கப்பட்டிருந்த இரண்டாவது கருவியிலும் இதே மென்பொருள்தான் இருந்தது என்பதால், அதுவும் அதே காரணத்தால் நொடிப்பொழுது முன்னதாகவே நின்றுபோயிருந்தது.

பேராசிரியர் ஜாக்-லூயி லியோன்ஸ் தலைமையிலான விசாரணைக் குழு அதே ஆண்டு ஜூலையில் அளித்த அறிக்கை சோதனைச் சூழல் பற்றிச் சொல்வது இங்கே முக்கியமானது. ஏவூர்தியின் கட்டுப்பாட்டு அமைப்பை முழுமையாக இணைத்துத் தரையில் சோதித்தபோது உண்மையான கருவிக்குப் பதில் அதைப்போல நடிக்கும் மென்பொருள் வைக்கப்பட்டிருந்தது. உண்மையான கருவியைத் தனியே சோதித்தபோதோ ஏரியான் 5 பறக்கப்போகும் பாதையின் தரவு அதற்குக் கொடுக்கப்படவில்லை. இரண்டும் ஒருமுறையேனும் ஒரே சோதனைச் சூழலில் சந்தித்திருந்தால் பிழை தரையிலேயே வெளிப்பட்டிருக்கும்.

பிறர் ஊருக்காகக் கட்டிய சூழல்கள்

சென்னையில் இந்தச் சிக்கலுக்கு ஒரு தனி வரலாறு உண்டு. அடையாற்றை ஒட்டிய ஐ.ஐ.டி. வளாகத்தில் 1973-இல் நிறுவப்பட்ட ஐ.பி.எம். 370/155 பெருங்கணினியின் காலத்தில், நிரல் எழுதுபவர் தம் கட்டளைகளை 80 பத்தி கொண்ட துளை அட்டைகளில் குத்தி, அட்டைக் கட்டைக் கணினி மையத்தில் ஒப்படைத்துவிட்டு, அச்சிட்ட தாள் திரும்பி வரும்வரை காத்திருப்பது வழக்கம். கணினி நேரம் அரிய பொருளாக இருந்த அந்நாளில் சோதனைக்கென்று தனிக் கணினி வைப்பது எண்ணிப் பார்க்க முடியாத ஆடம்பரம் என்பதால், அட்டையைக் கொடுக்கும் முன்னரே தாளில் எழுதி ஒவ்வொரு வரியையும் மனத்தில் ஓட்டிப் பார்க்கும் பழக்கம் கட்டாயமாயிற்று.

1990-களில் நிலைமை தலைகீழானது. கணினிகள் மலிந்தன, வெளிநாட்டு வங்கிகளுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் மென்பொருள் எழுதுவதும் சோதிப்பதும் சென்னையின் பெருந்தொழில்களில் ஒன்றாயிற்று. தரமணியில் டைடல் பூங்கா 2000 ஜூலை 4 அன்று அன்றைய பிரதமர் வாஜ்பாயால் திறந்து வைக்கப்பட்டபின், அடையாற்றுக்குத் தெற்கே பழைய மகாபலிபுரம் சாலை நெடுக இந்தத் தொழில் பரவியது. இங்கே அமர்ந்திருந்த சோதனையாளர்கள் லண்டனையும் நியூயார்க்கையும் தம் கணினிகளுக்குள் உருவாக்க வேண்டியிருந்தது. டைடல் பூங்கா திறந்த நாளை 04/07/2000 என்று எழுதினால் சென்னையில் ஜூலை 4 என்றும் அமெரிக்காவில் ஏப்ரல் 7 என்றும் படிப்பார்கள். ஒரு லட்சத்தை இங்கே 1,00,000 என்றும் அங்கே 100,000 என்றும் எழுதுவார்கள். இவற்றையெல்லாம் வாடிக்கையாளரின் வழக்கப்படி அமைத்துச் சோதிப்பதில் சென்னை தேர்ச்சி பெற்றது.

அந்தத் தேர்ச்சி பெருமைக்குரியதே. ஆனால் இன்று அதே கைகள் தம் ஊர் மக்களுக்காக வரி செலுத்தும் செயலிகளையும் மருத்துவமனைப் பதிவேடுகளையும் வங்கிச் சேவைகளையும் உருவாக்கும்போது, பிறர் ஊரைப் பார்த்து அமைத்த மாதிரித் தரவும் படிவங்களும் பழக்கத்தின் பலத்தால் கூடவே வந்துவிடுகின்றன. மயிலாப்பூரில் வாழும் ஒருவர் 'குடும்பப் பெயர்' என்ற கட்டாயக் கட்டத்தின் முன் திகைத்து நிற்பது இதன் விளைவு.

படிகளாக அமையும் சூழல்

ஒழுங்காக இயங்கும் ஒரு நிறுவனத்தில் மென்பொருள் பல சூழல்களைப் படிப்படியாகக் கடந்தே மக்களிடம் சேர்கிறது. முதலாவது நிரலாளரின் சொந்தக் கணினி. இங்கே தனித்தனிக் கூறுகள் சோதிக்கப்படுகின்றன. இரண்டாவது ஒருங்கிணைப்புச் சூழல். பலர் எழுதிய கூறுகள் இங்கே முதன்முறையாக ஒன்றாகப் பொருத்தப்படுகின்றன. மூன்றாவது சோதனையாளர்களுக்கே உரிய சூழல். இங்கே நிரலாளர்கள் நினைத்தபோது கைவைக்க அனுமதி இருக்கக்கூடாது, ஏனெனில் பாதிச் சோதனையில் நிரல் மாறினால் முன்பு கண்ட முடிவுகள் அனைத்தும் செல்லாமல் போகும். நான்காவது, மென்பொருளைக் கேட்டுப் பெற்றவர்கள் தாமே பயன்படுத்திப் பார்த்து ஒப்புதல் தரும் சூழல், இதை 'யு.ஏ.டி.' என்பார்கள். ஐந்தாவது 'ஸ்டேஜிங்' எனப்படும் முன்னோட்டச் சூழல். உண்மையான பயன்பாட்டுச் சூழலாகிய 'புரொடக்‌ஷ'னுக்கு இதுவே மிக அருகில் நிற்பது.

சிறு நிறுவனங்களால் ஐந்தையும் தாங்க முடியாது. தாங்க வேண்டியதும் இல்லை. இரண்டே சூழல்களை வைத்துக்கொண்டாலும் அவற்றை முற்றிலும் பிரித்து வைப்பதே தலையாய விதி. சோதனைச் சூழலில் இயங்கும் நிரலின் கையில் உண்மைத் தரவுத்தளத்தின் கடவுச்சொல் இருக்கக்கூடாது. அங்கிருந்து புறப்படும் குறுஞ்செய்தி எந்த வாடிக்கையாளரின் கைப்பேசியையும் அடையக்கூடாது. இதற்காகவே சோதனைச் சூழலின் வெளிச்செல்லும் செய்திகள் அனைத்தையும் நடுவிலேயே பிடித்து ஒரு பெட்டியில் சேர்க்கும் ஏற்பாடும், எந்தச் சூழலில் இருக்கிறோம் என்பதைத் திரையின் மேல்விளிம்பில் வேறு நிறத்தில் காட்டும் பட்டையும் வைக்கப்படுகின்றன.

கோட்டூர்புரம் எத்தனை விதம்

கணினிகளை அமைப்பதைவிடக் கடினமானது தரவை அமைப்பது. ஒரு மாநகராட்சிக்குச் சொத்து வரி செலுத்தும் செயலியைச் சோதிக்க வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அதற்கான மாதிரித் தரவில் சென்னையின் முகவரிகள் உள்ளபடியே இடம்பெற வேண்டும். வீடுகளுக்கு மறு எண் இடப்பட்டதால் 'பழைய எண் 14, புதிய எண் 31/2' என்று இரண்டும் சேர்த்து எழுதும் வழக்கம் இங்கே பரவலாக உள்ளது. எண் மட்டுமே ஏற்கும் கட்டம் இந்த முகவரியைத் திருப்பி அனுப்பிவிடும். 600017 என்ற ஒரே அஞ்சல் குறியீட்டின்கீழ் தி.நகர், டி.நகர், தியாகராய நகர் என்று ஒரே பகுதியை மூன்று விதமாக எழுதுவார்கள். எட்வர்ட் எலியட்ஸ் சாலை டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை ஆனபின்னும், 1996-இல் மெட்ராஸ் சென்னை ஆனபின்னும் பழைய பத்திரங்களில் பழைய பெயர்களே இருக்கின்றன. பெயர்களும் அப்படியே: தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் இட்டுத் தம் பெயரை எழுதுபவர், மணத்துக்குப்பின் முதலெழுத்தை மாற்றிக்கொண்டவர், இரண்டு முதலெழுத்து உடையவர், முதலெழுத்தே இல்லாதவர் ஆகிய எல்லோரும் அந்த மாதிரித் தரவில் இருந்தாக வேண்டும்.

தமிழில் உள்ளிடும்போது இன்னும் நுட்பமான சிக்கல்கள் எழுகின்றன. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் வழங்கும் யூனிகோடு முறையில், தமிழின் உயிர்மெய் எழுத்து ஒன்று பெரும்பாலும் மெய்யடிப்படைக்கு ஓர் எண்ணும் உயிர்க்குறிக்கு ஓர் எண்ணுமாகச் சேர்ந்து அமைகிறது. 'மயிலாப்பூர்' என்ற சொல்லில் படிப்பவர் காண்பது 6 எழுத்துகள். கணினி எண்ணுவதோ 11 குறியெண்கள். அதை இணையத்தில் பெருவழக்காக உள்ள யு.டி.எஃப்-8 முறையில் சேமித்தால் ஆகும் இடம் 33 பைட். ஆங்கிலப் பெயரைக் கொண்டு சோதித்து '20 பைட் போதும்' என்று தரவுத்தளத்தில் அளவு குறித்துவிட்டால், ஊர்ப்பெயர் நடுவிலேயே வெட்டுப்படும். குறுஞ்செய்தியிலும் இதே கதைதான்: ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து கொள்ளும் இடத்தில் தமிழில் 70 குறியெண்களே கொள்ளும் என்பதால், ஒரே செய்தியாக முடிந்தது தமிழில் இரண்டு மூன்றாகப் பிரிந்து, செலவும் அந்த அளவுக்குப் பெருகும்.

இதைவிட மறைவான பிழை ஒன்றை 'கோட்டூர்புரம்' என்ற பெயரில் காணலாம். 'கோ' என்ற எழுத்தின் ஓகாரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் சேமிக்கலாம், முன்னால் வரும் கொம்பையும் பின்னால் வரும் காலையும் தனித்தனிக் குறியெண்களாகவும் சேமிக்கலாம். யூனிகோடு இரண்டையும் ஒன்றெனவே ஏற்கிறது. திரையில் இரண்டுக்கும் இம்மியும் வேறுபாடு தெரியாது. ஆயினும் ஒரு விசைப்பலகையில் ஒரு விதமாக உள்ளிட்ட பெயரை வேறொரு விசைப்பலகையில் மறு விதமாக உள்ளிட்டுத் தேடினால், இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் இயல்பாக்கம் செய்யப்படாத தரவுத்தளம் 'அப்படி ஒரு பதிவு இல்லை' என்றே பதில் தரும். வரி கட்டியவர் கட்டாதவர் ஆகிவிடும் இந்தப் பிழையைப் பிடிக்க, இரு வடிவங்களும் வேண்டுமென்றே கலந்து வைக்கப்பட்ட மாதிரித் தரவு தேவை. அதே போல 'ஔ' என்ற உயிரெழுத்தும், 'ஒ', 'ள' என இரண்டு எழுத்துகளாக அடிக்கப்பட்ட 'ஒள'வும் கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றினும் கணினிக்கு முற்றிலும் வேறானவை; இயல்பாக்கமும் இவற்றை ஒன்றாக்காது. 

பழைய பதிவுகளைப் புதிய அமைப்புக்கு மாற்றும் பணியில் சூழல் இன்னும் விரிய வேண்டும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டின் தொடர்ச்சியாகத் தமிழ்99 விசைப்பலகையும், டாப், டாம் என்ற குறியாக்கங்களும் தமிழ்நாடு அரசால் தரப்படுத்தப்பட்டன. 2010 ஜூனில் யூனிகோடும், அது பொருந்தாத இடங்களுக்கென டேஸ்16 என்ற அனைத்தெழுத்துக் குறியாக்கமும் அரசின் தரங்களாக அறிவிக்கப்பட்டன. இடையில் தத்தம் வழியில் எழுத்துகளை அடுக்கிய தனியார் எழுத்துருக்களும் பல. ஆகவே இந்தக் குறியாக்கங்கள் ஒவ்வொன்றிலும் உருவான கோப்புகளின் மாதிரிகளும் சோதனைச் சூழலில் இருக்க வேண்டும்.

நுங்கம்பாக்கத்தின் கடிகாரம்

நேரமும் சூழலின் ஒரு பகுதி. இந்திய நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னால் இருப்பது. முழு மணி வேறுபாட்டை மட்டும் எதிர்பார்த்து எழுதிய நிரல் இங்கே அரை மணி பிசகும் என்பது சோதனையாளர் பலருக்கும் தெரியும். அவ்வளவாக அறியப்படாத செய்தி ஒன்று உண்டு. உலகின் பெரும்பாலான கணினிகள் நம்பியிருக்கும் நேர வலயத் தரவுத்தளத்தில் இந்தியாவுக்கான பதிவில், 1870 முதல் 1905 முடியும்வரை 5 மணி 21 நிமிடம் 10 விநாடி என்ற மெட்ராஸ் நேரம் குறிக்கப்பட்டிருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் 1792-இல் எழுந்த மெட்ராஸ் வானாய்வகத்தின் கணிப்பைச் சார்ந்து இந்திய ரயில்வே பின்பற்றிய நேரம் அது.

அதே பதிவில், இரண்டாம் உலகப் போரின்போது 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் நடுப்பகுதிவரை இந்தியக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்தள்ளப்பட்டு ஆறரை மணி வேறுபாட்டில் ஓடியதும் இடம்பெற்றுள்ளது. 1944 ஜனவரி 10 அன்று பிறந்த ஒருவரின் பிறந்த நாளை அந்த நாளின் நள்ளிரவாகக் கொண்டு, ஆறரை மணி கழித்துப் பொது நேரமாக மாற்றி ஒரு மென்பொருள் சேமித்து வைக்க, எக்காலத்துக்கும் ஐந்தரை மணிதான் என்று கணக்கிடும் மற்றொரு மென்பொருள் அதை எடுத்துக் காட்டினால், திரையில் ஜனவரி 9 இரவு 11 மணி என்று வரும்; பிறந்த தேதியே மாறிவிடும். மத்திய அரசு ஓய்வூதியரில் 80 வயதைக் கடந்தவர்களுக்குக் கூடுதல் ஓய்வூதியம் உண்டு என்பதால், இது ஏட்டளவிலான ஐயம் என்று தள்ளிவிடக் கூடியதன்று. சோதனைக்கு வைக்கும் பிறந்த தேதிகள் எல்லாம் 1980-க்குப் பின் இருந்தால் இந்தப் பிழை ஒருபோதும் வெளிப்படாது. மாதக் கடைசி, நிதியாண்டின் இறுதியாகிய மார்ச் 31, லீப் ஆண்டின் பிப்ரவரி 29 ஆகிய நாள்களுக்குக் கடிகாரத்தை நகர்த்தி வைத்துச் சோதிக்கும் வசதியும் நல்ல சூழலுக்கு இன்றியமையாதது.

உண்மைத் தரவும் உரிமையும்

உண்மையான தரவைவிட உண்மைக்கு நெருக்கமானது எதுவும் இல்லை என்பதால், பயன்பாட்டில் உள்ள தரவுத்தளத்தை அப்படியே நகலெடுத்துச் சோதனைக்கு வைத்துக்கொள்ளும் ஆசை எல்லா இடத்திலும் எழுகிறது. இது தவிர்க்கப்பட வேண்டியது. சோதனைச் சூழலில் காவல் குறைவு, நுழைவோர் அதிகம். அங்கே வைக்கப்படும் நோயாளியின் குறிப்பும் வங்கிக் கணக்கும் யாரால் பார்க்கப்படும் என்பதற்கு வரம்பு இராது. 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், ஒருவரின் தரவை அவர் எதற்காகக் கொடுத்தாரோ அதற்கே பயன்படுத்த வேண்டும் என்ற கொள்கையை அடிப்படையாகக் கொண்டது. ஆகவே உண்மைத் தரவின் வடிவத்தை, அதாவது நீளம், விடுபடல், எழுத்துப் பிறழ்ச்சி, பழைய பெயர் போன்றவற்றைக் கவனித்துக் குறித்துக்கொண்டு, அதே வடிவில் யாருக்கும் சொந்தமில்லாத தரவைப் புதிதாக உருவாக்குவதே முறை. ஆதார் எண்ணின் 12-ஆவது இலக்கம் முந்தைய 11 இலக்கங்களிலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பு இலக்கம் என்பதால், மனம்போன போக்கில் 12 இலக்கங்களை அடித்தால் சரியாக எழுதப்பட்ட செயலி அவற்றை ஏற்காது. இதற்கென்றே ஆதார் ஆணையம் சோதனைக்குரிய எண்களையும் தனிச் சோதனைச் சர்வரையும் மென்பொருள் உருவாக்குவோருக்கு வழங்குகிறது. பணப் பரிமாற்ற நிறுவனங்களும் பணம் நகராத 'சாண்ட்பாக்ஸ்' எனும் சோதனை வசதியை அளிக்கின்றன.

இப்படிப் பிறர் வழங்கும் வசதி இல்லாதபோது, அண்டைச் சேவையைப் போலப் பதில் சொல்லும் சிறு நிரல் ஒன்றைச் சோதனையாளர்களே எழுதி நிறுத்திக்கொள்வார்கள். அது எப்போதும் உடனே, சரியாகப் பதில் சொல்லும்படி எழுதப்பட்டிருந்தால் பயன் பாதிதான். முப்பது விநாடி தாமதிப்பது, பணத்தை எடுத்துக்கொண்டபின் பதில் அனுப்பாமல் விடுவது, ஒரே பதிலை இருமுறை அனுப்புவது என்று உண்மைச் சேவைகள் செய்யும் கோளாறுகளையும் அது செய்ய வேண்டும்.

கூட்டமும் வெள்ளமும்

நான்கு பேருக்குச் சமைத்த கை, ஆயிரம் பேர் பந்திக்கும் அதே அளவை ஆள்கணக்குக்கு ஏற்பப் பெருக்கிப் போட்டால் போதும் என்று எண்ண முடியாதது போலவே, பத்துப் பேர் பயன்படுத்தியபோது ஒழுங்காக ஓடிய மென்பொருள் பதினாயிரம் பேருக்கும் ஓடும் என்று கொள்ள முடியாது. அரையாண்டுச் சொத்து வரிக்குக் கடைசி நாள் நெருங்கும்போதும், தேர்வு முடிவுகள் வெளியாகும் காலையிலும் ஒரே நேரத்தில் வந்து குவியும் கூட்டத்தைச் செயற்கையாக உருவாக்கிக் காட்டும் சுமைச் சோதனைக்கு, பயன்பாட்டுச் சூழலின் அளவுக்கு ஒத்த சூழல் வேண்டும். பிரிட்டனின் டி.எஸ்.பி. வங்கி 2018 ஏப்ரலில் தன் வாடிக்கையாளர் கணக்குகளைப் புதிய அமைப்புக்கு மாற்றியபோது, இரண்டு தரவு மையங்களில் இயங்கவிருந்த அமைப்பின் சுமைத் திறன் ஒரே ஒரு மையத்தில்தான் சோதிக்கப்பட்டிருந்தது. இரு மையங்களின் அமைப்பும் ஒன்றுபோல் இல்லாததால் மக்கள் தம் பணத்தை எடுக்க முடியாமல் வாரக்கணக்கில் தவித்தார்கள். அந்தத் தோல்விக்காக 2022 டிசம்பரில் கட்டுப்பாட்டு அமைப்புகள் வங்கிக்கு 4.865 கோடி பவுண்டு அபராதம் விதித்தன.

சென்னைக்கான சூழலில் வலையிணைப்பு அறுபடுவதும் சோதிக்கப்பட வேண்டும். 2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு கரை புரண்டு கோட்டூர்புரமும் சைதாப்பேட்டையும் நீரில் மூழ்கியபோதும், 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் நகரைக் கடந்தபோதும், மின்சாரமும் தொலைபேசியும் இணையமும் ஒருங்கே அற்றுப்போயின. பணம் செலுத்தும் பொத்தானை அழுத்திய கணத்தில் இணைப்பு போனால் என்ன நடக்கும், பாதி ஏறிய கோப்பு மறுபடி முதலிலிருந்து ஏற வேண்டுமா, மாற்றுத் தரவு மையத்துக்கு அமைப்பை மாற்ற எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பனவற்றை, நகலாக அமைத்த சூழலில் இணைப்பை வேண்டுமென்றே துண்டித்துப் பார்த்தாலன்றி அறிய முடியாது. அலுவலகத்தின் வேகமான இணைப்பிலும் புத்தம்புதிய கைப்பேசியிலும் மட்டும் சோதிக்கப்பட்ட செயலி, நினைவகம் நிரம்பிய பழைய கைப்பேசியை வைத்திருப்பவரைக் கைவிட்டுவிடும்.

திருத்த முடியாத பொருளைச் சோதித்தல்

சூழலுக்கு உரிய மதிப்பைக் கொடுத்து நடக்கும் சோதனையைக் காண விரும்புவோருக்கு ஐ.ஐ.டி. வளாகத்திலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. பேராசிரியர் காமகோடியின் வழிகாட்டலில் உருவான சக்தி என்ற கணினி நுண்செயலிகள், 2018-இல் இன்டெல் நிறுவனத்தின் 22 நானோமீட்டர் முறையிலும், சண்டிகரை ஒட்டிய மொஹாலியில் உள்ள குறைகடத்தி ஆய்வகத்தின் 180 நானோமீட்டர் முறையிலும் சில்லுகளாக வார்க்கப்பட்டன. மென்பொருளை வெளியிட்டபின் திருத்தலாம். சிலிக்கனில் வார்த்துவிட்ட பிழையைத் திருத்த முடியாது. எனவே வார்ப்பதற்கு முன்னரே, செயலியின் வடிவமைப்பைக் கணினியில் பாவனையாக ஓட்டியும், வேண்டியபடி மறு அமைப்பு செய்யத்தக்க எஃப்.பி.ஜி.ஏ. சில்லுப் பலகைகளில் ஏற்றியும் பார்க்கிறார்கள். தாமாகவே உருவாக்கப்படும் எண்ணற்ற சிறு நிரல்களைச் செயலியின் வடிவமைப்பிலும், அது பின்பற்றும் கட்டளைத் தொகுதிக்கு இலக்கணமாகக் கொள்ளப்படும் ஸ்பைக் என்ற மாதிரியிலும் ஓட்டி, ஒவ்வொரு கட்டளைக்குப்பின்னும் இரண்டின் நிலையையும் ஒப்பிடுவது இதில் முக்கியமான உத்தி. சரியான விடை எது என்பதைச் சோதனைக்கு முன்னரே தெரிந்து வைத்திருக்கும் இத்தகைய ஒப்பீட்டு மாதிரி, நல்ல சோதனைச் சூழலின் உறுப்புகளில் ஒன்று. அது இல்லாதபோது 'ஏதோ ஒரு விடை வந்தது' என்பதையே வெற்றி என்று கொள்ளும் அபாயம் உண்டு.

அமைத்தபின் காத்தல்

சோதனைச் சூழல் ஒருமுறை அமைத்தால் நிலைத்து நிற்பதில்லை. ஒருவர் அவசரத்துக்கு ஓர் அமைப்பை மாற்றுவார். மற்றொருவர் தரவை அழிப்பார். பயன்பாட்டுச் சூழலில் ஏற்றப்பட்ட புதிய பதிப்பு இங்கே ஏறாமல் போகும். சில மாதங்களில் இரண்டும் வெவ்வேறு திசையில் விலகியிருக்கும். இதைத் தடுக்க, சூழலை அமைக்கும் படிகள் அனைத்தும் கையால் செய்யப்படாமல் எழுத்துக் கட்டளைகளாகப் பதிவுசெய்யப்பட்டு, நிரலைப் போலவே பதிப்பு எண்ணோடு பேணப்பட வேண்டும். அப்போது சூழலை அழித்துவிட்டு மீண்டும் அதே நிலையில் எழுப்புவது சில நிமிட வேலையாகும். 2013-இல் வெளிவந்த டாக்கர் போன்ற கருவிகள், ஒரு மென்பொருளையும் அதற்கு வேண்டிய துணைப்பொருள்களையும் ஒரே பொதியாகக் கட்டி எங்கும் ஒரே விதமாக ஓட்ட உதவுவதால் இது பெரிதும் எளிதாயிற்று. ஒவ்வொரு சூழலுக்கும் பொறுப்பாளர் ஒருவரும், எந்தக் குழு எந்த நாளில் அதைப் பயன்படுத்தும் என்ற அட்டவணையும் இருப்பது அவசியம்.

இவை எல்லாவற்றையும்விட மேலானது, பயன்பாட்டுச் சூழலுக்கும் சோதனைச் சூழலுக்கும் இடையே உள்ள வேறுபாடுகளை ஒளிக்காமல் எழுதி வைக்கும் பட்டியல். முற்றிலும் ஒத்த சூழலை எவராலும் அமைக்க முடியாது. சர்வர்கள் குறைவாக இருக்கும், தரவு சிறியதாக இருக்கும், அண்டைச் சேவை பாவனையாக இருக்கும். எங்கெங்கே வேறுபாடு உள்ளது, அதனால் எந்தப் பிழைகள் கண்ணில் படாமல் போகக்கூடும், அவற்றுக்கு வேறு என்ன காப்பு என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே எழுதியிருந்தால், வெளியிடுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பவர் கண்ணைத் திறந்துகொண்டு முடிவெடுக்கலாம்.

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பப்பட்ட ஒரு சிறு கோப்பு, மைக்ரோசாப்டின் கணிப்பின்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கி, உலகெங்கும் விமானப் பயணிகளைத் தவிக்க வைத்தது. 21 உள்ளீடுகளை எதிர்பார்க்கும் விதிக்கு 20 உள்ளீடுகளே கொடுக்கப்பட்டிருந்தன என்பதும், அதுவரை நடந்த சோதனைகளில் 21-ஆவது இடத்தில் 'எதுவாயினும் சரி' என்ற பொதுக்குறியே வைக்கப்பட்டிருந்ததால் அந்தக் குறை வெளிவரவில்லை என்பதும் நிறுவனத்தின் சொந்த ஆய்விலேயே தெரியவந்தது. முதலில் சில கணினிகளுக்கு மட்டும் அனுப்பி, அவை நலமாக இருப்பதைக் கண்டபின் மற்றவற்றுக்கு அனுப்பும் படிநிலை வெளியீடு அந்தக் கோப்புக்குப் பின்பற்றப்பட்டிருந்தால் சேதம் சிறிய வட்டத்துக்குள் நின்றிருக்கும். வேறுபாட்டுப் பட்டியலில் எஞ்சும் ஆபத்துகளுக்கு இந்தப் படிநிலை வெளியீடே கடைசிக் காப்பு.

சோதனைச் சூழலுக்குச் செலவிட வேண்டிய பணமும் உழைப்பும் வெளியே தெரியாதவை என்பதால், திட்டச் செலவைக் குறைக்க வேண்டிய நேரத்தில் முதலில் வெட்டப்படுவதும் இதுவே. அப்படி வெட்டும்போது குறைவது சர்வர்களின் எண்ணிக்கை மட்டுமன்று. முதலெழுத்தோடு பெயர் எழுதுபவர், பழைய எண்ணும் புதிய எண்ணும் சேர்ந்த வீட்டில் வாழ்பவர், தமிழில் மட்டும் உள்ளிடத் தெரிந்தவர், 1944-இல் பிறந்தவர், பழைய கைப்பேசியை வைத்திருப்பவர் ஆகிய ஒவ்வொருவரும் சோதனைத் தரவிலிருந்து நீக்கப்படும் அந்தக் கணத்திலேயே அந்தச் சேவையிலிருந்தும் நீக்கப்படுகிறார்கள். அவர்களை விலக்க வேண்டும் என்று எவரும் எண்ணாமலேயே அது நடந்துவிடுகிறது. ஆகவே சூழலை அமைக்கும் பொறுப்பை ஏற்பவர் தம் பட்டியலில் சர்வர்களைக் குறிப்பதற்கு முன், அந்த மென்பொருளை நம்பி வாழப்போகும் மக்கள் யார் யார் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். தொலைதூர நகரங்களைத் தம் கணினிகளுக்குள் பிசகின்றி உருவாக்கிக் காட்டிய சென்னையின் சோதனையாளர்களுக்கு, அதே அக்கறையைத் தம் ஊருக்கும் செலுத்தும் திறமை நிறையவே உண்டு. அதற்கான நேரத்தையும் பணத்தையும் ஒதுக்குவது, மென்பொருளைக் கேட்டுப் பெறும் அரசுத் துறைகளும் நிறுவனங்களும் ஒப்பந்தத்திலேயே எழுதி உறுதிசெய்ய வேண்டிய கடமை.

அடுத்த இதழில்: தானியங்கிச் சோதனை – எதை இயந்திரத்திடம் ஒப்படைக்கலாம், எதை மனிதக் கண்ணே பார்க்க வேண்டும்?

(தொடரும்)